கைக்கடிகாரம் அணிந்த குற்றம்

வஞ்சிமேட்டில் ஒரு நாளைக்கு இருபத்தைந்து மணி நேரம். வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. நம்பவைப்பதற்காக நான் ஒரு துண்டறிக்கைகூட அச்சடிக்கவில்லை, ஏனென்றால் இருபத்துநாலு மணி நேரத்தில் எட்டு மணி நேரம்தான் வேலை என்பதையே அவர்கள் இன்னும் நம்பவில்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். மில் சங்கின் ஓசை கேட்கும் தூரம்வரை அந்த மணி செல்லுபடியாகும். வடக்கே ரயில்வே கேட், தெற்கே கல்லுக்குழி, அதைத் தாண்டினால் உங்களுக்கு வழக்கமான இருபத்துநாலுதான்.

அந்த ஒரு மணி என் கடிகாரத்திலிருந்து வந்தது. என் பெயர் ராக்கியண்ணன். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் நாற்பத்தோரு வருஷம் இருந்தவன். படித்தது ஆறாம் வகுப்பு, மிச்சத்தையெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தேன், பிறகு மற்றவர்கள் படிக்க நானே எழுதினேன்.

மில்லுக்குள் கடிகாரம் கட்டக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். நூலில் சிக்கிக் கையை இழுத்துவிடும், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்றார்கள். நூலில் சிக்கக்கூடிய கண்ணாடி வளையலைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். மில்லில் இருந்த ஒரே கடிகாரம் டைம் ஆபீஸ் சுவரில் தொங்கியது. காலையில் நாங்கள் உள்ளே வரும்போது அது துள்ளி ஓடும், சாயங்காலம் நாங்கள் வெளியே போகும்போது அதற்குக் கால் வலிக்கும். எண்பத்து நாலில் ஒரு நாள் சந்தையில் வாங்கிய கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, ஸ்பின்னிங் பகுதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். மூன்றாம் நாள் வேலை போனது. குற்றச்சாட்டு ஒரே வரி: பணி நேரத்தில் கைக்கடிகாரம் அணிந்திருந்தது.

வழக்கு இருபத்தொன்பது வருஷம் நடந்தது. நீதிபதிகள் ஓய்வு பெற்றார்கள், என் வக்கீல் இறந்து அவர் மகன் கறுப்புக் கோட்டுப் போட்டான், என் பக்கத்தில் நின்ற தோழர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், மிச்சம் பாதிப்பேர் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் ஜெயித்தேன். நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்த அன்று ஊரில் எல்லோரிடமும் என் பணத்துக்கு ஒரு யோசனை இருந்தது. சங்கக் கட்டடத்துக்கு மாடி எடுக்கச் சொன்னார்கள், வீட்டு ஓட்டை மாற்றச் சொன்னார்கள், கண் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் பஸ் ஏறினேன், ஒரு கைக்கடிகாரம் செய்யச் சொல்ல.

கோத்தகிரியில் தமயந்தி இருந்தாள். என்னோடு ஸ்பின்னிங்கில் வேலை பார்த்து, எனக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டு, எனக்கு அடுத்த வாரமே வேலை இழந்த பழனியாண்டியின் மகள். பாலிடெக்னிக் படித்து, கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பனிமலை நாடு ஒன்றுக்குப் போய்ப் பல்சக்கரம் வெட்டக் கற்றுக்கொண்டு திரும்பி, யாருக்கும் வேலைக்காரியாக இருக்க மாட்டேன் என்று மலைமேல் தனியாகப் பட்டறை போட்டவள். ஒரு மேசை, ஒரு கடைசல் இயந்திரம், கண்ணில் மாட்டும் ஒரு லென்ஸ். வருஷத்துக்கு ஐந்து கடிகாரம்தான் செய்வாள். ஒவ்வொன்றும் ஒரே ஆளுக்காக, அந்த ஆளை ஒரு நாள் முழுக்க எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்ட பிறகு. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிப் போனார்கள். கார் வாங்கும் பணத்துக்குக் கடிகாரம் வாங்குகிறவர்கள்.

"வெளையாட்டுக்கு வந்தீங்களா தோழர்?" என்று கேட்டாள்.

"உங்க அப்பன் கையெழுத்துப் போட்டது வெளையாட்டா அம்மிணி?"

அவள் நோட்டை எடுத்தாள். எந்தக் கையில் கட்டுவீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள், கை வியர்க்குமா, எந்த மணி உங்களுக்குப் பிடிக்காது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடிகாரத்தில் விசேஷமாக என்ன வேண்டும் என்றாள்.

"எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மிச்சம் எட்டு நமக்குன்னு நாப்பது வருஷமாக் கத்திட்டேன். அந்த எட்டுல தண்ணி புடிக்கறது, பஸ்ஸுக்கு நிக்கறது, ரேசன் கடை, ஆஸ்பத்திரி வரிசை, அடுப்படி எல்லாம் போக ஒருத்தனுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்குமா? மிஞ்சல. எனக்கு அந்த ஒரு மணி வேணும்."

'கூடுதலாக ஒரு மணி' என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். பிறகு, "டயல் என்ன நெறமுங்க?" என்றாள்.

பதினாலு மாதம் கழித்துக் கடிகாரம் வந்தது. மில்லில் தேய்ந்து கழித்த, நூல் முறுக்கும் இரும்பு ரிங் ஒன்றை உருக்கித் தட்டி, நீலம் பாயும்வரை சூடேற்றிச் செய்த டயல். நூல் சுற்றும் ஸ்பிண்டில் வடிவத்தில் இரண்டு முள். பின்பக்கம் கண்ணாடி, அதன் வழியே சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளுவதைப் பார்க்கலாம். விளிம்பைச் சுற்றி எறும்பு அளவு எழுத்தில் என் குற்றச்சாட்டு. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் மட்டும், எண் எதுவும் இல்லாமல், நகக்கண் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு துண்டு.

அதைக் கட்டிக்கொண்டு மலையாளத்துக்காரர் ஹம்சாக்காவின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மில்லில் பகல் பன்னிரண்டு சங்கு ஊதியது, சாப்பாட்டு இடைவேளை. என் கடிகாரத்தின் முள் அந்தச் சிவப்புத் துண்டின் மேல் ஏறி, வயலில் தண்ணீர் கட்டுகிறவனைப் போல அவசரமில்லாமல் நடக்க ஆரம்பித்தது. வேறு எல்லாக் கடிகாரமும் நின்றது. டைம் ஆபீஸ் கடிகாரம் பன்னிரண்டில் நின்றது, செல்போன்கள் பன்னிரண்டு என்று காட்டிக்கொண்டே இருந்தன, ஹம்சாக்காவின் ரேடியோவில் செய்தி வாசித்த அம்மாள் ஒரு சொல்லின் நடுவில் நின்றார். சூரியன் உச்சியில் அப்படியே இருந்தது. அவரவர் நிழல் அவரவர் காலடியில் பூனை போலப் படுத்துக்கிடந்தது. முள் மறுகரை ஏற ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு மணி பன்னிரண்டு ஒன்று, ஒரே ஒரு நிமிஷம்தான் நகர்ந்திருந்தது.

"ராக்கியண்ணா," என்றார் ஹம்சாக்கா, "இந்த ஒரு மணி நேரத்துல நாப்பது சாயா வித்திருக்கு. பால் அப்படியே இருக்கு. வாட்சுக்காரிகிட்ட சொல்லி இன்னொரு துண்டு வைக்கச் சொல்லுங்க."

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பெருமை. யாரும் மூர்ச்சையாகவில்லை, யாரும் கற்பூரம் ஏற்றவில்லை. கோயில் பூசாரி மட்டும் இரண்டு நாள் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இந்த மணியில் ராகுகாலமும் இல்லை எமகண்டமும் இல்லை, இதற்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, யாரும் என்னிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். ஒரு வாரத்துக்குள் அந்த மணியின் குணங்கள் ஊருக்குப் பழகிவிட்டன. அதில் பசி எடுக்காது. தாடி வளராது. மின்சார மீட்டர் சுற்றாது, ஆனால் ஃபேன் சுற்றும். அதில் யாரும் சாகவில்லை, ஆனால் பிறந்தார்கள். தேர்முட்டித் தெருவில் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை, முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் முக்கால் மணி நேரம் இடைவெளி, நர்ஸம்மா இரண்டுக்கும் பன்னிரண்டு மணி என்றே எழுதினார், யார் மூத்தவன் என்று அந்த வீட்டில் இன்னும் சண்டை. ஒடிசாவிலிருந்து வந்து மில் விடுதியில் தங்கியிருந்தவர்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டால் மறுமுனையில் எடுத்தவர் 'ஹலோ'வின் பாதியில் நிற்பார். அந்தப் பாதிக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு மணி நேரம் தங்கள் பாஷையில் பேசித் தீர்ப்பார்கள்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷினில் வேலை பார்க்கும் ரங்கநாயகி, எங்கள் சங்கத்தின் மகளிர் அணிச் செயலாளர், இருபத்தேழு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்து மைல் மிஷின்களுக்கு நடுவில் நடக்கிறவள், முதல் பத்து நாளும் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்து தூங்கினாள். பதினோராம் நாள் தம்பியின் மொபெட்டை மில் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விழுந்தாள். பன்னிரண்டாம் நாளும் விழுந்தாள். மாதக் கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குழிவரை ஓட்டிப் போய்த் திரும்பியபோது மைதானமே கைதட்டியது. மில் நிர்வாகத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளை அரை மணி. அவர்களுடைய பஞ்சிங் மிஷினே எல்லோரும் அரை மணியில் திரும்பிவிட்டதாகப் பதிவு செய்தது.

நான் அந்த மணியில் என்ன செய்தேன்? கூட்டம் போட்டேன். திங்கள் மகளிர் அணி, செவ்வாய் விடுதித் தொழிலாளர், புதன் செயற்குழு. ஆள் வராத நாளில் துண்டறிக்கை எழுதினேன்.

ஏளனம் இல்லாமல் இல்லை. "தோழர் கையில பாருடா, காரு ஓடுது" என்பார்கள். "பொரட்சி வந்தா மொதல்ல அந்தக் கையத்தான் வெட்டுவாங்க" என்பார்கள். நான் கையை இன்னும் உயர்த்திக் காட்டுவேன். உலகத்தில் ஒரே ஒரு கடிகாரம், எனக்கென்று அளவெடுத்து, இன்னொருத்தன் பணம் கொடுத்தாலும் கிடைக்காதது. வேறு யாருக்கும் இல்லாத ஒன்றை வைத்திருப்பதில் என்ன சுகம் என்று அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் மாதம் பர்சனல் மேனேஜர் ஞானசேகர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்லவர் மாதிரி பேசுகிறவர், அதனால் ஆபத்தானவர்.

"உங்க மணியால எங்களுக்குத் தொந்தரவு தோழர். ஆளுங்க மைதானத்துல வண்டி ஓட்டறாங்க, பாட்டுப் பாடறாங்க. ஒரு ஒழுங்கு வேணாமா?"

நாற்பத்தோரு வருஷம் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவனுக்குக் கை தானாக மேசையைக் குத்தும். குத்தினேன். "ஒழுங்குன்னா என்ன, வேலையா? அந்த மணியில எங்காளுங்க வேலை செய்யோணும்னா ரெட்டைச் சம்பளம்! குறைஞ்சு ஒரு பைசா வாங்க மாட்டோம்!"

ஞானசேகர் பேனாவை எடுத்தார். "சரிங்க தோழர். ஒத்துக்கறோம்."

இரட்டைச் சம்பளம் கேட்டு முதல் பேச்சிலேயே கிடைத்த சங்கம் இந்த மாவட்டத்தில் இல்லை. முத்தரப்பு ஒப்பந்தம், தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து: 'நண்பகல் பன்னிரண்டு மணி உணவு இடைவேளையை ஒட்டி வரும் கூடுதல் ஒரு மணி நேரம் பணி நேரமாகக் கருதப்படும்.' மறுநாள் மில் கேட்டில் வாயிற்கூட்டம். வெடி வைத்தார்கள், எனக்குத் துண்டு போர்த்தினார்கள், நான் ஒரு மணி நேரம் பேசினேன். இறங்கி வந்தபோது ரங்கநாயகி மட்டும் கைதட்டாமல் நின்றாள்.

"தோழர், ஒண்ணு கேக்கறேனுங். அந்த மணி நம்மளுது. அதுக்கு நாம எதுக்குங் அவிங்ககிட்டக் கூலி கேட்டோம்?"

வெடிச் சத்தத்தில் கேட்காதது போல நடந்தேன்.

மூன்றாம் நாள் விஷயம் புரிந்தது. மீட்டர் சுற்றாத மணி. அத்தனை மிஷினும் ஓடும், ஒரு யூனிட்கூட ஏறாது. மின்சாரத்துக்கு மில் கொட்டும் பணத்தில் எங்கள் இரட்டைச் சம்பளம் மூலையில் கிடக்கும் தூசி. யாரோ ஒரு நாள் அணைக்க மறந்துபோன மிஷின் அந்த மணி முழுக்க ஓடியிருந்ததையும் மீட்டர் அசையாமல் நின்றதையும் ஞானசேகர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு என் வாயால் வரவழைத்தார். என் வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வேலை நேரமான அன்றிலிருந்து அந்த மணியில் பசி எடுக்க ஆரம்பித்தது. பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், சூரியன் உச்சியில் நகராமல் நிற்க, நிழல் காலடியில் நகராமல் கிடக்க, வயிறு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்க, பத்து மைல் நடந்தவர்கள் பதினோராவது மைல் நடந்தார்கள். மொபெட் மைதானத்து ஓரத்தில் தூசி படிந்து நின்றது. விடுதிப் பையன்களின் போன்களில் பாதி ஹலோக்கள் கேட்பாரற்று நின்றன. மில்லில் வேலை பார்க்காதவர்கள்கூட அந்த மணியில் வீட்டில் படுக்க முடியாமல் எழுந்து எதையாவது துடைத்தார்கள், பெருக்கினார்கள். ஹம்சாக்கா அந்த மணியில் டீ விற்பதை நிறுத்திவிட்டு கிளாஸ்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார். மில் சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: கடிகாரம் வாங்கினான், மணியை விற்றான். கடிகாரமே மில்காரன் வாங்கிக் கொடுத்ததுதான் என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சு. நாற்பத்தோரு வருஷத்தில் என்னைத் திருடன் என்றிருக்கிறார்கள், கலகக்காரன் என்றிருக்கிறார்கள், விலைபோனவன் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு காலையில் சாவி கொடுக்காமல் கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷிப்டுக்குப் போகிற வழியில் ரங்கநாயகி உள்ளே வந்தாள்.

"சாவி குடுக்கலீங்களா?"

"இன்னிக்கு நின்னு போகட்டும். மணியே இல்லாட்டி எதைப் புடுங்குவாங்கன்னு பாக்கறேன்."

"நல்ல யோசனைங். அவிங்க தட்டைப் புடுங்கறாங்கன்னு நீங்க சோத்தைக் கீழ கொட்டறீங்க." கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "பேச்சு வார்த்தையில போனதைத் திருப்பறது எப்பிடீன்னு உங்களுக்குத்தானுங் தெரியும். இல்ல, சும்மா துண்டறிக்கை எழுதத்தான் தெரியுமா?"

அவள் போன பிறகு சாவி கொடுத்தேன். கோத்தகிரி பஸ் ஏறினேன்.

தமயந்தி கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்து, லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தாள். "சக்கரத்துல ஒண்ணும் தப்பு இல்லீங்க. இந்த மணியில நீங்க என்ன செஞ்சீங்க தோழர், இத்தனை நாளா?"

"கூட்டம் போட்டேன். எழுதினேன்."

"அப்ப மொதல்ல இத வேலை நேரமாக்குனது மேனேஜர் இல்லீங்க."

ரங்கநாயகிக்கு அடுத்து ஒரு பெண்பிள்ளை என் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்தது அன்றுதான். சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்தேன்.

"யார்கிட்டக் குடுக்கறது, யார்கிட்ட இருந்து வாங்கறதுங்கறது கடிகாரத்துல இல்லீங்க," என்றாள் தமயந்தி. "அந்த மணிய எங்க வைக்கறதுன்னு வேணா நீங்க சொல்லலாம். நகத்திக் குடுக்கறேன்."

எங்கே வைப்பது? மில்லில் மூன்று ஷிப்டு. காலை எட்டிலிருந்து நாலு, நாலிலிருந்து நள்ளிரவு, நள்ளிரவிலிருந்து எட்டு. இருபத்துநாலு மணி நேரமும் யாரோ ஒருவர் தோளில் மில்காரன் கை இருக்கிறது. எந்த இடத்தில் வைத்தாலும் அது ஏதோ ஒரு ஷிப்டுக்குள் விழும். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டு, நாலு, பன்னிரண்டு என்று. நாலில் விரல் நின்றது. முதல் ஷிப்டு நாலு மணிக்கு முடிகிறது. இரண்டாம் ஷிப்டு நாலு மணிக்குத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாலு. அதனால்தான் இத்தனை வருஷமாக அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, எந்த ஷிப்டும் இல்லை.

"அம்மிணி, நாலுக்கும் நாலுக்கும் நடுவால வைக்க முடியுமா?"

தமயந்தி லென்ஸைக் கழற்றினாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அச்சு அசல் பழனியாண்டியின் சிரிப்பு.

"முடியும். ஆனா இது பன்னெண்டுக்குன்னு வெட்டுன சக்கரமுங்க. நாலுல தானா நிக்காது, வழுக்கிப் போயிரும். சாவித் திருகை வெளியே இழுத்து, மணி முடியற வரைக்கும் ஒருத்தர் புடிச்சுட்டே இருக்கோணும். புடிக்கறவங்களுக்கு அந்த மணி கெடையாது. கண்ணை மூடித் தெறந்தா முடிஞ்சிருக்கும்."

"புடிக்கறேன்," என்றேன்.

மறுநாள் மில்லில் பன்னிரண்டு சங்கு ஊதியது. தொழிலாளர்கள் ஒப்பந்தப்படி மிஷின் பக்கத்தில் தயாராக நின்றார்கள். பன்னிரண்டு ஒன்று ஆனது. பன்னிரண்டு இரண்டு ஆனது. சூரியன் நகர்ந்தது, மீட்டர் சுற்றியது. ஞானசேகர் பன்னிரண்டு பத்துக்கு வேர்த்து விறுவிறுத்து டீக்கடைக்கு வந்தார்.

"தோழர், மணி எங்க?"

"ஒப்பந்தத்தைப் படிங்க. பன்னெண்டு மணியை ஒட்டி வர்ற மணியில வேலை செய்யறோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். வந்தா செய்யறோம். எங்காளுங்க தயாரா நிக்கறாங்க. மணியை நீங்க கொண்டாங்க."

"இது மோசடி!"

"ரெட்டைச் சம்பளத்துக்கு நீங்க பேனா எடுத்த வேகத்தை நான் மோசடின்னா சொன்னேன்?"

ஹம்சாக்கா அவருக்கு ஒரு டீயை நீட்டினார். "குடிங்க சாரே. ஆறிப் போகும்."

சாயங்காலம் நாலு மணி. முதல் ஷிப்டு பஞ்ச் அடித்து வெளியே வந்தது. இரண்டாம் ஷிப்டு கேட்டுக்கு வெளியே நின்றது. சங்கு ஊதி ஓய்ந்தபோது நான் கேட் எதிரில் நின்று சாவியை இழுத்துப் பிடித்தேன். என் எதிரில் வேர்வையும் பஞ்சுமாக ரங்கநாயகி நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கண்ணை ஒரு முறை மூடித் திறந்தேன். ரங்கநாயகியின் தலை குளித்து ஈரமாக இருந்தது. குழந்தை தூங்கியிருந்தது. இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் பலருக்கு வெற்றிலை போட்டு வாய் சிவந்திருந்தது. விடுதிப் பையன்களின் முகம் நிறையப் பேசி முடித்தவர்களின் முகமாக இருந்தது. ஒரு கண்சிமிட்டலில் ஊர் ஒரு மணி நேரம் வாழ்ந்து முடித்திருந்தது.

அதற்கு மறுநாள் ஞானசேகர் விடவில்லை. இரண்டாம் ஷிப்டு நாலு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். நாங்கள் நாலு மணிக்குத்தான் வந்தோம். எந்த நாலு என்று நோட்டீசில் இல்லை. அவருடைய கடிகாரம் நாலு என்றது, அவருடைய பஞ்சிங் மிஷின் நாலு என்றது; தாமதம் என்று நிரூபிக்க உலகத்திலேயே ஒரு கடிகாரம்தான் இருந்தது, அது என் கையில் இருந்தது. சரி, ஆளில்லாமல் மிஷினையாவது ஓட்டுவோம் என்று ஓட்டினார்கள். நூல் அறுந்தது. அறுந்ததைப் பிணைக்க ஆளில்லாததால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டது, சுற்றியதை வெட்டி எடுக்க மறுபடி முக்கால் மணி போனது. மூன்றாம் நாள் மெயின் சுவிட்சை அவரே இறக்கினார். வேலை நிறுத்தம் இல்லாமல் மில் நின்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. கோஷம் இல்லை, போலீஸ் வேன் இல்லை. தினமும் ஒரு மணி நேரம்.

பத்து நாள் நானே பிடித்தேன். பத்தாம் நாள் சாயங்காலம் ரங்கநாயகி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சங்க அலுவலகத்துக்கு வந்தாள்.

"நாளையிலிருந்து முறை வைக்கறோமுங். ஆளுக்கு ஒரு நாள்."

"எதுக்கு? நான் புடிக்கறேனே."

"தியாகிப் பட்டம் வேணுமாக்கும்?"

"பட்டம் கெடக்கு. இது என்ர கடிகாரம்!"

சொல்லிவிட்டு நானே அதைக் கேட்டேன். என் நாற்பத்தோரு வருஷத்துத் துண்டறிக்கைகள் அலமாரியில் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த அறையில், அவ்வளவு பெரிய குரலில் அதற்கு முன் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ரங்கநாயகி முகம் மாறாமல் நின்றாள். "உங்களுதுதானுங், யாரு இல்லேன்னா? காலையில சாவி நீங்களே குடுங்க, ராவு உங்க வீட்டுலயே இருக்கட்டும், கையில கட்டிட்டு ஊரெல்லாம் காட்டிட்டுத் திரிங்க. நாலுலிருந்து நாலு வரைக்கும் மட்டும் கழட்டிக் குடுங்க. நீங்க ஒரு மணி கேட்டுத்தானுங் இதச் செய்யச் சொன்னீங்க? இன்னி வரைக்கும் ஒரு மணியாவது எடுத்திருக்கீங்களா?"

நோட்டில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெயர். ஸ்பின்னிங், கார்டிங், விடுதி, தேர்முட்டித் தெரு, பூசாரி. சங்கு கேட்கும் தூரத்தில்தான் வீடு என்பதால் ஞானசேகர் பெயரும் இருந்தது, இருநூற்றுப் பதினேழாவதாக. அவர் முறை வந்த அன்று என்ன நடக்குமோ என்று கால்வாசிப்பேர் பயந்தார்கள், அவர் வந்து ஒழுங்காகப் பிடித்தார், ஏனென்றால் அன்று அவர் மனைவி கேட்டுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள், மறுநாள் மணி அவளுக்கும் வேண்டும். முதல் முறை ஹம்சாக்காவுக்கு. கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டும்போது என் மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளை வளையம் ஒன்று தெரிந்தது. "பயப்படாதீங்க அண்ணா, ஓடிப் போக மாட்டேன்" என்றார் அவர்.

சங்கு ஓய்ந்தது. எல்லோரும் அவரவர் பக்கம் போனார்கள். மைதானத்தில் மொபெட் உறுமியது. எனக்குப் போக இடம் தெரியவில்லை. கூட்டம் இல்லை, போட்டாலும் யாரும் வரமாட்டேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், 'அன்புத் தோழர்களே' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. மணி எவ்வளவு ஆகியிருக்கும் என்று வெறும் கையை இரண்டு முறை பார்த்தேன். சூரியன் மேற்கில் நாலு மணிக்குரிய இடத்தில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஆள் போல நின்றது. சங்க அலுவலகத்தின் கதவைச் சாத்தினேன். பழைய பேனர் துணிகளை விரித்து அதன்மேல் படுத்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். ரங்கநாயகி.

"தோழர், எந்திரிங்க. மணி நாலு தாண்டிருச்சுங்."

"எந்த நாலு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதவுக்கு வெளியே இன்னும் பத்துப் பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு நாலும் போயி நாலரை ஆச்சுங். ஹம்சாக்கா கடிகாரத்தை வெச்சுக்கிட்டு யார்கிட்டக் குடுக்கறதுன்னு நிக்கறாரு."

"நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

கூட்டம் நடந்தால் எழுதிவைக்கும் பழக்கம் எங்கள் சங்கத்தில் உண்டு. யார் தலைமை, எத்தனை பேர், என்ன தீர்மானம், எல்லாம் தேதிவாரியாக இருக்கும். அந்தத் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. என்ன நடந்தது என்று கேட்டு யாரும் வர வேண்டாம். அது என் மணி.